கேட்டுவிட்டுப் பகிர்வோம்: நோயிலிருந்து மீண்ட பெண்களின் படங்களும் நமது பொறுப்பும்

சென்ற வருடம் ஒக்டோபர் மாதம் எங்கள் வகுப்புக்கு ஒரு வேலை ஒப்படைக்கப்பட்டது. ஒக்டோபர், உலகெங்கும் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமாகக் கொள்ளப்படுகிறது. அதனையொட்டிப் பிரதான மண்டபத்தின் பக்கச் சுவரில் ஒரு காட்சிப் பலகை அமைக்க வேண்டும். கட்டுரை எழுத ஒருவர், படம் வரைய ஒருவர், இளஞ்சிவப்பு நாடா வெட்ட ஒருவர் என்று பொறுப்புக்களைப் பிரித்துக் கொண்டோம். "உண்மையான ஒருவரைக் காட்டினால்தான் மனதில் பதியும்" என்று சொன்னது நான்தான். அந்த உண்மையான ஒருவர் எங்கள் பக்கத்து வளவிலேயே இருந்தார். வாப்பாவின் தங்கை, எனக்கு மாமி.

மாமிக்குச் சத்திரசிகிச்சை நடந்து அப்போது பத்து மாதங்கள் கடந்திருந்தன. எங்கள் ஊரில் இந்த நோயின் பெயரை யாரும் வாய் விட்டுச் சொல்வதில்லை. "மஹரகமவுக்குப் போறாங்களாம்" என்பார்கள், கேட்பவர் புரிந்து கொள்வார். மாமியும் அப்படித்தான் மாதக்கணக்காக மஹரகமவுக்குப் போய் வந்தார். மருந்து ஏற்றியதில் உதிர்ந்த தலைமுடி மெல்ல முளைக்கத் தொடங்கியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் பேரப்பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்று அந்தக் குட்டை முடியைத் தடவித் தடவிச் சிரித்தார்கள். மாமியும் சிரித்தார். நான் கைத்தொலைபேசியை நீட்டினேன். அவர் என்னைப் பார்த்து இன்னும் நன்றாகச் சிரித்தார். படம் அழகாக வந்தது.

அந்தப் படத்தைத்தான் எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் போட்டேன். "என் மாமி புற்றுநோயை வென்றவர்" என்று கீழே எழுதினேன். பெருமையோடுதான் எழுதினேன். குழுவில் இருந்தவர்கள் எல்லாரும் பெண் பிள்ளைகள். ஒரு தோழி அதனைத் தன் ஸ்டேட்டஸில் வைத்தாள். அவளது ராத்தா அதை இன்னொரு குழுவுக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் அந்தப் படம் மாமியின் தொலைபேசிக்கே திரும்பி வந்தது. நான் எழுதிய வரி அதில் இருக்கவில்லை. வேறு யாரோ எழுதிய வரி இருந்தது: "கடைசிக் கட்டமாம், எல்லாரும் துஆச் செய்யுங்கள்."

தான் மரணத் தறுவாயில் இருக்கும் செய்தியை மாமி தன் தொலைபேசியிலேயே வாசித்தார். பிற ஆண்களுக்கு முன் முக்காடில்லாமல் ஒரு நாளும் நின்றிராத அவர், யார் யார் பார்த்தார்கள் என்றே தெரியாத ஒரு படத்தில் வெறுந்தலையோடு இருந்தார். பின்னால் ஜன்னல் கட்டில் அவரது கிளினிக் கொப்பி கிடந்தது. படத்தைப் பெரிதாக்கினால் பெயரும் வாசிக்கலாம். நான் அதைக் கவனிக்கவேயில்லை.

மாமி என்னை ஏசவில்லை. கூப்பிட்டுப் பக்கத்தில் இருக்க வைத்துச் சொன்னார்: "மகள், நான் சிரிச்சது உங்களப் பாத்து. ஊரப் பாத்து இல்ல. என்னட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

அந்த ஒரு வார்த்தையை ஏன் கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்பதைத் தேடி வாசித்ததன் விளைவே இக்கட்டுரை. நல்ல நோக்கத்தோடு செய்த ஒன்று எப்படிப் பிழையாகிறது என்பதை என்னைப் போன்ற மாணவிகளும், நமது தாய்மாரும் தந்தைமாரும் அறிந்து கொள்வது நல்லது என நினைக்கிறேன்.

படங்கள் ஏன் தேவைப்பட்டன?

முதலில் ஒரு விடயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்நோய் பற்றிய மௌனத்தை உடைத்ததில் புகைப்படங்களுக்குப் பெரிய பங்குண்டு.

1974 செப்டெம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ஜெரல்ட் போர்டின் மனைவி பெட்டி போர்டுக்கு மார்பக அகற்றல் சத்திரசிகிச்சை நடந்தது. கணவர் பதவியேற்று இரு மாதங்கள்கூட ஆகவில்லை. அக்காலத்தில் மார்பகப் புற்றுநோய் என்ற சொல்லையே பொது இடத்தில் உச்சரிக்கத் தயங்கினார்கள். அவர் நோயின் பெயரைச் சொல்லியே அறிவிக்கச் சம்மதித்தார். வைத்தியசாலையில் எடுக்கப்பட்ட அவரது படங்களும் பத்திரிகைகளில் வந்தன. அதன்பின் பரிசோதனைக்குச் சென்ற அமெரிக்கப் பெண்களின் தொகை வெகுவாக அதிகரித்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்டி போர்ட் தன் தழும்பைக் காட்டவில்லை. தனக்கு வந்த நோயைச் சொன்னார், அவ்வளவுதான்.

தழும்பையே காட்டிய படம் 1993 ஓகஸ்டில் வந்தது. மட்டுஷ்கா என்ற பெயரில் அறியப்பட்ட கலைஞர், மார்பு அகற்றப்பட்ட பக்கம் தெரியும் வண்ணம் வெட்டப்பட்ட வெள்ளை ஆடையுடன் தன்னைத் தானே படமெடுத்தார். நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையின் ஞாயிறு சஞ்சிகை அதனை அட்டைப்படமாக வெளியிட்டது. வாசகர் கடிதங்கள் குவிந்தன. சிலர் அதிர்ச்சியடைந்தார்கள், சிலர் நன்றி சொன்னார்கள். படம் நல்லதா கெட்டதா என்பது பற்றி இருவேறு கருத்துக்கள் இருக்கலாம். ஆனால் அது யாருடைய தீர்மானம் என்பதில் சந்தேகமில்லை. படத்தில் இருந்தவரும் படத்தை எடுத்தவரும் ஒருவரே.

பின்னர் டேவிட் ஜே என்ற புகைப்படக் கலைஞர், இளவயதில் இந்நோய்க்கு ஆளான பெண்களின் படங்களைத் தொடராக எடுத்தார். முப்பத்திரண்டு வயதில் நோய் கண்ட ஒரு தோழியைப் படமெடுத்ததே அதன் தொடக்கம். "இது வயதானவர்களின் நோய்" என்று நினைத்திருந்த பலரை அந்தப் படங்கள் யோசிக்க வைத்தன. அந்தப் பெண்கள் எல்லாரும் தாமாக முன்வந்து அவர் முன் நின்றவர்கள்.

படங்கள் அகற்றப்பட்ட கதை

சமூக ஊடகங்கள் வந்தபின் வேறொரு சிக்கல் எழுந்தது. பேஸ்புக்கில் பெண்கள் பகிர்ந்த சத்திரசிகிச்சைத் தழும்புப் படங்கள் "நிர்வாணம்" என்ற காரணத்தால் அகற்றப்பட்டன. டேவிட் ஜேயின் படங்களும் அவற்றில் அடங்கும். நோயோடு வாழ்ந்து கொண்டிருந்த ஒரு பெண் இதற்கு எதிராக ஒரு மனுவைத் தொடங்கினார். இருபதாயிரத்துக்கும் அதிகமானோர் அதில் கையெழுத்திட்டார்கள். மார்பு அகற்றப்பட்ட தழும்பைக் காட்டும் படங்கள் அனுமதிக்கப்படும் என்று 2013 ஜூனில் அந்நிறுவனம் தெளிவுபடுத்தியது.

2020 ஒக்டோபரில் பிரேசில் நாட்டுப் பயனர் ஒருவர் மார்பகப் புற்றுநோயின் அறிகுறிகளை விளக்கும் படங்களை இன்ஸ்டகிராமில் இட்டார். அதனை மனிதர் எவரும் பார்க்கவில்லை. தானியங்கி முறை ஒன்று அதனை அகற்றிவிட்டது. நோயறிகுறியைக் காட்டும் படத்துக்கும் ஆபாசத்துக்கும் உள்ள வேறுபாடு அந்த இயந்திரத்துக்குத் தெரியவில்லை. முறைப்பாடு அந்நிறுவனத்தின் மேற்பார்வைச் சபைக்குச் சென்றது. படத்தை அகற்றியது தவறு என்று 2021 ஜனவரியில் சபை தீர்ப்பளித்தது.

இவற்றை வாசித்தபோது எனக்கு முதலில் குழப்பமாக இருந்தது. அங்கே பெண்கள் "எங்கள் படத்தைக் காட்ட விடுங்கள்" என்று போராடுகிறார்கள். இங்கே என் மாமி "ஏன் காட்டினாய்" என்று கேட்கிறார். இரண்டில் எது சரி?

யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே நியாயம்தான். காட்ட விரும்பிய பெண்ணின் படத்தை நிறுவனம் அகற்றியது. காட்டக் கேட்டிராத பெண்ணின் படத்தை நான் பரப்பினேன். இரண்டு இடத்திலும் நடந்தது ஒன்றே. அவளது உடலையும் நோயையும் பற்றிய தீர்மானத்தை அவளல்லாத ஒருவர் எடுத்துவிட்டார். எனவே "இப்படியான படங்களைப் பகிரலாமா?" என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி "இது யாருடைய தீர்மானம்?" என்பதாகும்.

சம்மதம் என்றால் என்ன?

படம் எடுக்கும்போது மாமி சிரித்தார். எனவே சம்மதித்தார் என்று நான் நினைத்தேன். அதுதான் என் முதற் பிழை. படம் எடுக்கச் சம்மதிப்பது வேறு, அதனைப் பிறருக்குக் காட்டச் சம்மதிப்பது வேறு. வீட்டாருக்குக் காட்டச் சம்மதிப்பது வேறு, ஊருக்குக் காட்டச் சம்மதிப்பது வேறு. ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்க வேண்டும்.

வைத்தியத்துறையில் இதற்குத் தெளிவான ஒழுங்குகள் இருக்கின்றன. நோயாளியின் படத்தை நூலிலோ ஆய்விதழிலோ வெளியிட வேண்டுமானால், எங்கே, எதற்காக என்பதை அவருக்கு விளங்கும் மொழியில் எடுத்துச் சொல்லி எழுத்து மூலம் சம்மதம் பெற வேண்டும். மறுத்தால் சிகிச்சையில் எந்தக் குறைவும் வராது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கண்களை மட்டும் கறுப்புக் கோட்டால் மறைத்தால் போதுமென்று முன்பு கருதினார்கள். மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு அது போதாது என்று சொல்கிறது. தெரிந்தவர்களுக்குக் கண் தேவையில்லை. நாடி, கழுத்து, காதணி, நிற்கும் விதம் என்று எதைப் பார்த்தும் கண்டுபிடித்து விடுவார்கள். மாமியை அடையாளம் காண எங்கள் ஊரில் எவருக்கும் கிளினிக் கொப்பியின் பெயர்கூடத் தேவைப்பட்டிராது.

நமது நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுகள் பாதுகாப்புச் சட்டம் உள்ளது. ஒருவரது உடல்நலம் பற்றிய தகவல்களை அச்சட்டம் விசேட வகைக்குள் அடக்கிக் கூடுதல் பாதுகாப்பு அளிக்கிறது. ஆனால் சட்டம் பெரும்பாலும் நிறுவனங்களை நோக்கியே பேசும். ஒரு மருமகள் தன் மாமியின் படத்தை வகுப்புக் குழுவில் போடுவதைத் தடுக்கச் சட்டம் வராது. அந்த இடத்தைக் காக்க வேண்டியது நமது ஒழுக்கமே. ஒருவர் நம்பித் தந்ததைக் காப்பது அமானத் என்று சிறு வயது முதல் படித்து வருகிறோம். காசும் நகையும் மட்டுமா அமானத்? நம்மை நம்பி நம் முன்னால் முக்காட்டைக் கழற்றி இருந்த ஒருவரின் முகமும் அமானத்தான்.

கேட்கும் முறையிலும் நியாயம் வேண்டும். சத்திரசிகிச்சை முடிந்து வலியோடு படுத்திருப்பவரிடம், உதவிப்பணம் கொண்டு வந்து கொடுத்துவிட்டு "ஒரு போட்டோ எடுக்கலாமா?" என்று கேட்டால், அவர் எப்படி "வேண்டாம்" என்பார்? தருபவரிடம் பெறுபவர் மறுத்துப் பேசுவது கஷ்டம். அங்கே கிடைக்கும் "ஆம்" உண்மையான சம்மதம் ஆகாது. அதேபோல இன்று சம்மதித்தவர் அடுத்த வருடம் மனம் மாறலாம். நோயிலிருந்து மீண்டவர் நெடுகிலும் நோயாளியாகவே அறியப்பட விரும்பமாட்டார். நீக்கச் சொல்லும் உரிமை அவருக்கு எப்போதும் உண்டு. ஆனால் வட்ஸ்அப்பில் ஒருமுறை பரவிய படத்தை எப்படி நீக்குவது? நாம் அழித்தாலும் பிறர் சேமித்து வைத்தது அழியாது. ஆகவே முன்கூட்டிக் கேட்பது இன்னும் முக்கியமாகிறது.

நமது சூழலில் படம் செய்யும் வேலை

"பெண்கள் மட்டும் உள்ள குழுதானே" என்று நான் நினைத்தது இரண்டாவது பிழை. நமது வீடுகளில் ஒரு தொலைபேசி ஒருவருக்கு மட்டும் உரியதல்ல. உம்மாவின் தொலைபேசியில் தம்பி கேம் விளையாடுவான், வாப்பா செய்தி பார்ப்பார். பெண்கள் குழு என்பது பூட்டில்லாத அறை போன்றது.

மாமியின் இளைய மகளுக்கு அந்த நாட்களில் ஒரு கலியாணப் பேச்சு நடந்து கொண்டிருந்தது. படம் பரவிய பின், மாப்பிள்ளை வீட்டாரில் ஒருவர் "இது பரம்பரையா வருமா?" என்று யாரிடமோ கேட்டிருக்கிறார். பிறகு அந்தப் பேச்சு அப்படியே நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று எவரும் வாயால் சொல்லவில்லை. மாமியும் என்னிடம் அதைப் பற்றி ஒரு நாளும் கதைத்ததில்லை. ஆனால் மச்சியின் முகத்தைப் பார்க்கும் போதெல்லாம் எனக்கு அந்தப் படம் நினைவுக்கு வருகிறது.

கேட்டவருக்குச் சரியான பதில் தெரிந்திருக்கவில்லை என்பதால் அதனை இங்கே எழுதுகிறேன். இந்நோய் ஒருவரிலிருந்து மற்றவருக்குத் தொற்றாது. மார்பகப் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரையானவையே பரம்பரை அலகுகளின் மாற்றத்தால் நேரடியாக வருபவை. தாய்க்கோ சகோதரிக்கோ நோய் இருந்தால் ஒருவருக்கு ஆபத்து ஓரளவு கூடும் என்பது உண்மை. அதற்காக அவர் செய்ய வேண்டியது வைத்தியரிடம் அதைச் சொல்லி ஆலோசனை பெறுவது. அவரை ஊரார் ஒதுக்கி வைக்க அதில் எந்த நியாயமும் இல்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் மறைத்து விடுவோமா? அதுவும் ஆபத்து. இலங்கைப் பெண்களுக்கு ஏற்படும் புற்றுநோய்களில் முதலிடத்தில் இருப்பது மார்பகப் புற்றுநோய்தான். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம். ஆனால் மார்பில் ஒரு கட்டி தென்பட்டாலும் வெட்கத்தால் மகளிடம்கூடச் சொல்லாத தாய்மார் நம்மிடையே இருக்கிறார்கள். மாமியும் கட்டி தட்டுப்பட்டு ஐந்து மாதம் யாரிடமும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை உடைக்க வேண்டும் என்ற என் எண்ணம் பிழையல்ல. அதை மாமியின் முகத்தை வைத்து, மாமியைக் கேட்காமல் செய்ததே பிழை.

பகிருமுன் கேட்டுக் கொள்வோம்

இப்போது எங்கள் வகுப்பில் ஒரு பழக்கத்தை ஏற்படுத்தியிருக்கிறோம். நோயுற்ற அல்லது நோயிலிருந்து மீண்ட ஒருவரின் படம் கைக்கு வந்தால், பகிருமுன் சில கேள்விகளைக் கேட்டுக் கொள்கிறோம்.

அவர் இதற்குச் சம்மதித்தாரா? அனுப்பியவர் "சம்மதம்தான்" என்று சொல்வது போதாது. நமக்கு நேரே தெரியாவிட்டால் நம்மோடு நிறுத்திக் கொள்வது நல்லது.

எங்கெங்கே போகும் என்பது அவருக்குத் தெரியுமா? "ஸ்கூல் பலகையில் போடுவோம்" என்று கேட்டுவிட்டு முகநூலில் போடக் கூடாது.

பின்னணியில் என்ன இருக்கிறது? கிளினிக் கொப்பி, மருந்துச் சீட்டு, கட்டில் இலக்கம், பக்கத்துக் கட்டிலில் இருக்கும் இன்னொரு நோயாளி என எதுவும் இருக்கலாம். வைத்தியசாலைக்கு நோயாளி பார்க்கப் போய்ப் படம் எடுப்பவர்கள் அந்தப் பக்கத்துக் கட்டிலை நினைப்பதேயில்லை.

நாம் எழுதும் வரி உண்மையா? அவர் அப்படிச் சொல்லப்பட விரும்புகிறாரா? "வென்றவர்" என்று நான் எழுதியதையும் மாமி விரும்பவில்லை. "வென்றவங்க என்றா, மௌத்தானவங்க தோத்தவங்களா?" என்று கேட்டார். தன்னோடு ஒரே நாளில் மருந்து ஏற்றிக் கொண்ட ஒரு சகோதரி அவர் நினைவில் இருந்திருக்க வேண்டும்.

அவர் உயிரோடு இல்லையென்றால்? அப்போதும் அவர் வாழும்போது எதை விரும்பினார் என்பதே அளவுகோல். குடும்பத்தாரைக் கேட்காமல் நோயில் மெலிந்த கடைசிப் படத்தைப் பகிர்வது அனுதாபமாகாது.

கடைசியாக, இந்தச் செய்திக்கு ஒரு முகம் அவசியமா? எங்கள் காட்சிப் பலகையில் இறுதியில் ஒரு முகமும் இருக்கவில்லை. மாதம் ஒருமுறை சுயபரிசோதனை செய்யும் முறையைக் கோட்டுச் சித்திரங்களாக வரைந்தோம். கட்டி, தோலில் குழி விழுதல், முலைக்காம்பு உள்வாங்குதல், இரத்தம் கலந்த கசிவு ஆகிய அறிகுறிகளை எழுதினோம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் நடக்கும் சுவநாரி கிளினிக்குகளில் இலவசமாகப் பரிசோதித்துக் கொள்ளலாம் என்பதையும், எங்கள் பிரதேசத்தில் அது நடக்கும் நாளையும் பெரிய எழுத்தில் போட்டோம். பார்த்த தாய்மார் பலர் அந்த நாளைத்தான் குறித்துக் கொண்டு போனார்கள்.

மாமி செய்தது

அந்தப் படத்தை அழிக்கச் சொல்லி ஒவ்வொருவருக்கும் நானே செய்தி அனுப்பினேன். அழித்தவர்களும் உண்டு, பதிலே தராதவர்களும் உண்டு. இன்னும் எங்கே இருக்கிறதோ தெரியாது.

இவ்வருடம் தாய்மார் கூட்டத்தில் இந்நோய் பற்றிப் பேச யாரையாவது அழைக்கலாம் என்று ஆசிரியை கேட்டபோது, மாமியின் பெயரைச் சொல்ல என் வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து மாமியிடமே கேட்டேன். என்ன பேச வேண்டும், யார் யார் இருப்பார்கள், எவ்வளவு நேரம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். "ஏலாது என்றா ஏலாது என்று சொல்லுங்க மாமி, பரவாயில்ல" என்றேன். அவர் இரண்டு நாள் யோசித்தார். பிறகு வருகிறேன் என்றார். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார். மண்டப வாசலில் ஒரு கூடை வைத்து எல்லாரது தொலைபேசிகளையும் அதில் போட வேண்டும்.

மாமி இருபது நிமிடம் பேசினார். கட்டியைத் தொட்டறிந்த இரவு, மறைத்து வைத்த ஐந்து மாதம், மருந்து ஏற்றிய நாட்கள் என்று ஒன்றும் விடாமல் சொன்னார். "நான் அஞ்சு மாசம் வெக்கப்பட்டேன். நீங்க அஞ்சு நாள்கூட வெக்கப்படாதீங்க" என்றார். கூட்டம் முடிந்தபின் இரண்டு தாய்மார் அவரை ஓரமாக அழைத்துப் போய் நெடுநேரம் கதைத்தார்கள். என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

அன்றைய நிகழ்வுக்குப் புகைப்படம் எதுவும் இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரையோடும் படம் இல்லை. இதில் வருவதை எழுதலாமா என்று மாமியிடமும் மச்சியிடமும் கேட்டேன். இருவரும் முழுவதையும் வாசித்தார்கள். ஓரிடத்தில் ஒரு வரியை எடுக்கச் சொன்னார்கள், எடுத்துவிட்டேன். மிச்சத்தை எழுதச் சொன்னார்கள்.